மண்ணைப் படிக்கும் பள்ளிக்கூடம்

பெருங்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்காகக் குழி வெட்டியபோது, வாரிக் கொட்டிய மண்ணில் ஒரு பானை ஓடு அகப்பட்டது. உட்புறம் கறுப்பு; வெளிப்புறம் சிவப்பு. என் உற்சாகத்தைக் கேட்கவேண்டுமா! கழுவித் துடைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

தொல்லியல் படிக்கும் என் தமக்கை மகன் வந்தபோது பெருமையோடு எடுத்துக் காட்டினேன்.

"எந்த அடுக்கில் இருந்தது, மாமா?" என்றான்.

"அடுக்கா? மண்ணில்தான் இருந்தது!"

"குழியைப் பார்க்கலாமா?"

"சிமெண்டு பூசியாகிவிட்டதே, அப்பா!"

அவன் ஓட்டைத் திருப்பி வைத்தான். "அப்படியானால் இது வெறும் ஓடுதான், மாமா" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவன் சொன்னதில் ஒரு பெரிய சரித்திரம் அடங்கியிருக்கிறது.

1944-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்தார் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயர். பட்டாளத்தில் பிரிகேடியராக இருந்தவர். அதற்கு முன், மொகஞ்சதாரோவில்கூட, ஒரு பொருள் எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்று அளந்து குறித்துக்கொள்வதே வழக்கம். ஆனால் மண் அடுக்குகள் தரைவிரிப்பைப் போல் சமமாகவா படிகின்றன? மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும். பிற்காலத்தில் யாரோ ஒருவன் குப்பைக்குழி வெட்டியிருந்தால், பேரன் காலத்துப் பொருள் பாட்டன் காலத்துக்கும் கீழே போய்விடும்!

ஆகவே அதே ஆண்டு தட்சசீலத்தில் வீலர் ஒரு பயிற்சிப் பள்ளியைத் திறந்தார். சுமார் அறுபது மாணவர்கள் சேர்ந்தார்கள். சதுரம் சதுரமாகக் குழி வெட்டி, நடுவே வரப்பு விட்டுவைக்கவேண்டும். வெட்டிய சுவரின் நிறத்தையும் இறுக்கத்தையும் கொண்டு அடுக்குகளைப் பிரித்து எண் கொடுக்கவேண்டும். அற்ப ஓட்டுத் துண்டுக்கும் எண் எழுதிய சீட்டுக் கட்டவேண்டும். பி. பி. லால், பி. கே. தாப்பர் முதலியோர் அங்கே பயின்று, பிற்காலத்தில் அத்துறைக்கே தலைவரானவர்கள்.

அந்த ஆண்டிலேயே வீலர் நம் எழும்பூர் மியூசியத்துக்கும் வந்தார். அங்கே ஓர் அலமாரியில் அவர் கைக்குத் தட்டுப்பட்டது ஒரு மதுச்சாடியின் கழுத்தும் கைப்பிடியும். ரோமாபுரிச் சாடி! எங்கிருந்து வந்தது? புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டிலிருந்து.

1945-இல் அரிக்கமேட்டில் அகழ்வு நடந்தது. இத்தாலியில் செய்த சிவப்பு மெருகுத் தட்டுகளின் துண்டுகள் அங்கே அடுக்கோடு கிடைத்தன. அவை கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை என்பது ஏற்கனவே தெரிந்த செய்தி. அப்படியானால், அதே அடுக்கில் கிடந்த நம் குயவரின் பானைகளுக்கு என்ன வயது? தேதி எழுதாத தென்னாட்டுப் பானைகளுக்காக ரோமானியத் தட்டு சாட்சி சொல்லிற்று! அடுக்கைக் கலைத்திருந்தால் அந்தச் சாட்சி வாய் திறந்திருக்குமா?

ஒரு தடவை வெட்டிய மண்ணை மறுபடி வெட்ட முடியாது. மாணவர்கள் அங்கே கற்றது தோண்டுவதற்கு மட்டுமல்ல; எங்கே கையை நிறுத்தவேண்டும் என்பதற்கும்தான். நான் அதைக் கற்றிருக்கவில்லை.

இப்போது என் ஓட்டுக்கும் ஒரு சீட்டுக் கட்டியிருக்கிறேன்: "பெருங்குடி. அடுக்குத் தெரியாது." அடுத்த மனையில் வரும் வாரம் கடைக்கால் வெட்டப்போகிறார்களாம். மருமகனுக்குத் தகவல் அனுப்பிவிட்டேன்.