ஈயைப் படித்தவர் கோப்பைப் படிக்கப் போனார்

நம் பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் திருச்சியில் பார்த்தும் தீராத வியாதி என்றால், "வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்பார்கள். அந்த வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கிவிட்டது. இன்று அங்கே ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. அதற்கு மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை துணை நிற்கிறது. வைத்தியம் பார்த்த டாக்டரின் பெயர் நமக்குத் தெரியும். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் நாற்காலியில் யார் இருந்தார் என்று நாம் கேட்பதில்லை. அப்படி உட்கார்ந்த ஒருவரைப் பற்றியது இது.

அவர் கே. விஜய்ராகவன். 1954-ல் பிறந்தவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங். பிறகு உயிரியலுக்கு மாறி, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1983-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அமெரிக்காவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 1988-ல் அதே நிறுவனத்துக்குத் திரும்பினார். அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது, கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் அந்தப் பொடி ஈ. அதன் நரம்பும் தசையும் எப்படி உருவாகின்றன என்பதே அவருடைய கேள்வி.

ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்கிறார்கள். பொருத்தமான பெயர். வாழையை வெட்டினாலும் நடுவிலிருந்து குருத்து மேலே வருகிறதல்லவா? அதுபோல, தானும் குறையாமல் புதிய அணுக்களையும் தந்துகொண்டே இருப்பது குருத்தணு. நம் எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது இப்படித்தான்.

பெங்களூரில் ஒபைத் சித்திக்கி உருவாக்கிய தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்கு 1996-ல் விஜய்ராகவன் இயக்குநரானார். 2009-ல் அதே வளாகத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கென தனி நிறுவனம் எழுந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. வேலூர் மையம் அதன் ஒரு பிரிவாகச் சேர்ந்தது. 2013 ஜனவரியில் டெல்லிக்குப் போய் உயிரித் தொழில்நுட்பத் துறையின் செயலாளரானார். பெரும்பாலான துறைகளில் அது ஐ.ஏ.எஸ். அதிகாரியின் நாற்காலி. அறிவியல் துறைகளில் மட்டும் விஞ்ஞானியை உட்காரவைக்கும் வழக்கம் உண்டு. 2018-ல் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் ஆனார். 2021 மே மாதம், கொரோனா மூன்றாவது அலை தவிர்க்க முடியாதது என்று டி.வி.யில் சொன்னாரே, அவர்தான்.

நல்ல விஞ்ஞானியைக் கோப்புக்கு நடுவில் உட்காரவைப்பது நஷ்டம்தானே என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆய்வுக்கூடத்தில் செலவழிக்க வேண்டிய நாட்கள் கூட்டங்களில் கரையும். ஆனால் கொள்ளிடத்துக்கு அக்கரையில், கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனை எண்ணிப் பாருங்கள். உருளைக்கிழங்கின் மரபியலில் தொடங்கியவர், 1972-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரானார். வயலும் விதையும் தெரிந்தவர் அங்கே இருந்ததால் நாட்டுக்கு லாபமே.

விஜய்ராகவனும் ஈயை விட்டுவிடவில்லை. செயலாளராக இருந்தபோதே, 2014-ல், பழ ஈயின் பறக்கும் தசைகளை உண்டாக்கும் குருத்தணுக்களை அவருடைய குழு அடையாளம் கண்டு வெளியிட்டது.

ஆராய்ச்சி என்பது ஆடிப் பட்டம் விதைத்துத் தையில் அறுக்கிற வெள்ளாமை அல்ல. வேலூரில் ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு, அவரவர் ரத்தக் குருத்தணுவையே எடுத்து, ரத்தம் உறையத் தேவையான மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தினார்கள். கண்காணித்த காலம் முழுவதும் ஐவரில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை என்ற செய்தி 2024 டிசம்பரில் வெளியானது. அந்த மையம் தொடங்கியது 2005-ல். ஏறக்குறைய 20 ஆண்டுகள்! இடையில் எத்தனை பேர் "என்ன பலன்?" என்று கேட்டிருப்பார்கள்? அந்தக் கேள்வி வரும்போது, பொறுத்திருங்கள் என்று சொல்ல, ஆய்வுக்கூடத்தில் தானே காத்திருந்து பழகிய ஒருவர் அந்த நாற்காலியில் வேண்டும்.