மால்ற்றனில் இருந்து நிலவுக்கு



ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தை ஒட்டிய பகுதிக்கு மால்ற்றன் என்று பெயர். 1950களில் அங்கே அவ்றோ கனடா என்ற பெரிய விமானத் தொழிற்சாலை இயங்கியது. ஏர் சிலோன் காலத்தில் பலாலிக்கு வந்துபோன அவ்றோ விமானங்கள் எங்கள் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அவற்றைக் கட்டிய பிரித்தானியக் குழுமத்தின் கனடியக் கிளையே இது. இங்கே வேலை இழந்த சிலர் மனிதனை நிலவுக்கு அனுப்ப உதவிய வரலாறே இம்மாதப் பேச்சு.

மால்ற்றனில் அவர்கள் உருவாக்கியது 'ஆரோ' என்ற போர் விமானம். ஒலியிலும் வேகமாகப் பறக்கக்கூடியது. 1957 ஒக்ரோபர் 4 அன்று அதனை முதன்முதலாக வெளியே கொண்டுவந்து காட்டினார்கள். அதே நாளில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. ஏவுகணைகளின் காலம் வந்துவிட்டது, இவ்வளவு செலவில் போர் விமானம் தேவையா என்ற கேள்வி வலுத்தது. 1959 பெப்ரவரி 20, வெள்ளிக்கிழமை, திட்டம் கைவிடப்படுவதாகப் பிரதமர் ஜோன் டீபன்பேக்கர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அன்றே ஏறத்தாழ 14,000 பேர் வேலை இழந்தார்கள். பறந்து காட்டிய 5 விமானங்களும் துண்டு துண்டாக வெட்டப்பட்டன. வரைபடங்களையும் அழித்தார்கள்.

அந்த வேளையில் அமெரிக்காவின் நாசா தொடங்கி சில மாதங்களே ஆகியிருந்தன. மனிதனை விண்வெளிக்கு அனுப்பும் பொறுப்பு வேர்ஜீனியாவில் றொபேர்ட் கில்றுத் தலைமையிலான சிறிய குழுவிடம் இருந்தது. அவர்களுக்கு அனுபவம் உள்ள பொறியியலாளர்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். மால்ற்றனுக்கே வந்து நேர்முகம் வைத்தார்கள். 1959 ஏப்ரலில் 25 பேர் அங்கு போய்ச் சேர்ந்தார்கள். பின்னர் மொத்தம் 32 பேர் ஆனார்கள். இவர்களில் பலர் ஏற்கெனவே பிரித்தானியாவில் இருந்து கனடாவுக்குக் குடிவந்தவர்கள். அவர்களுக்கு இது இரண்டாவது இடப்பெயர்வு.

ஜிம் சேம்பர்லின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்தவர். மனிதரை ஏற்றிச் சென்ற அமெரிக்கரின் முதல் விண்கலமான மெர்க்குரியில் கருவிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றைத் திருத்த நல்ல நிலையில் உள்ள மற்றவற்றையும் கழற்ற வேண்டியிருந்தது. சேம்பர்லின் வடிவமைத்த ஜெமினியில் கருவிகளின் பெரும்பகுதி அறைக்கு வெளியே, கதவைத் திறந்து தனித்தனியாக எடுக்கக்கூடியதாக வைக்கப்பட்டது. சொல்லும்போது சின்ன விடயம். வேலை செய்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒன்ராறியோவின் சார்னியாவைச் சேர்ந்த ஓவன் மேனாட் நிலவில் இறங்கும் கலத்தின் ஆரம்ப வடிவங்களை வரைந்தவர்களில் ஒருவர். இங்கிலாந்தில் பிறந்த ஜோன் ஹொட்ஜ் பறப்பு இயக்குநரானார். 1966 மார்ச்சில் ஜெமினி 8 விண்வெளியில் கட்டுப்பாடிழந்து சுழன்றபோது கட்டுப்பாட்டு நிலையத்தில் பொறுப்பில் இருந்தவர் அவரே. அந்தக் கலத்தில் இருந்து உயிர் தப்பிய நீல் ஆம்ஸ்ரோங் 1969 யூலையில் நிலவில் கால் வைத்தார்.

"படிப்பை மட்டும் ஒருவராலும் பறிக்க ஏலாது" என்று எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். இந்த வரலாறு அதற்கு நல்ல சான்றுதான். ஆனாலும் பாதிச் சான்றே. அந்த 32 பேரிடமும் 'இந்நாட்டு அனுபவம் இருக்கிறதா' என்று கேட்டுத் திருப்பி அனுப்பவில்லை. அவர்கள் செய்து முடித்த வேலையைப் பார்த்து, அதற்குத் தகுந்த பொறுப்பைக் கொடுத்தார்கள். போரில் வீடும் வேலையும் இழந்து ஓடிவந்த எங்கள் நிலை வேறு. எங்கள் பொறியியலாளர்களும் ஆசிரியர்களும் உணவகச் சமையலறையிலும் இரவுநேரக் காவலிலும் நின்றது அறிவு குறைந்ததால் அல்ல. அதை எடைபோட ஒருவரும் வரவில்லை.

ஆரோவில் மிஞ்சிய ஒரு மூக்குப் பகுதி ஒட்டாவாவில் உள்ள விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளைக் கூட்டிச் சென்று காட்டுங்கள். அப்படியே, அப்பப்பா ஊரில் என்ன வேலை செய்தார் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.