கண்ணாடியைத் தின்னும் சீமெந்து

கலைப்பீடத்துக்காரருக்குச் சீமெந்தோட என்ன வேலை எண்டு கேக்கலாம். எங்கள் பலபேரின் தலைக்கு மேலே இருக்கிற அஸ்பெஸ்டஸ் சீற்றில் இருந்துதான் இந்தத் தேடல் தொடங்கியது.

கொங்கிரீற்றை நசுக்குவது கஷ்டம், இழுத்து முறிப்பது சுகம். அதனால்தான் உள்ளே கம்பி வைக்கிறார்கள். ஆனால் ஒரு சென்றிமீற்றர் தடிப்பான தகட்டுக்குள் கம்பி வைத்தால், மூடுவதற்குப் போதிய சீமெந்து இல்லாமல் துருப்பிடிக்கும். அந்த இடத்தை அஸ்பெஸ்டஸ் இழை பிடித்துக்கொண்டது. அதன் தூசி நுரையீரலை என்ன செய்யும் எண்டு தெரிந்த பிறகு மாற்று தேவைப்பட்டது.

கண்ணாடி இழையை 1950களிலேயே சோவியத் ஒன்றியத்தில் பிரியுகோவிச் குழுவினர் முயன்றிருந்தார்கள். சிக்கல் என்னவென்றால், சாதாரண சீமெந்து கடும் காரம். பிஎச் பெறுமானம் 12ஐத் தாண்டும். அது கண்ணாடியை மெல்ல அரித்துவிடும். அவர்கள் காரம் குறைந்த அலுமினாச் சீமெந்துக்கு மாறினார்கள். 1960களின் கடைசியில், பிரித்தானியாவின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் ஏ. ஜே. மஜும்தார் கண்ணாடியையே மாற்றினார்: ஏறத்தாழ 16 வீதம் சேர்க்கோனியம் ஒட்சைட்டு. பில்கிங்டன் கம்பனி அதை 1971இல் 'செம்ஃபில்' எண்டு சந்தைக்கு விட்டது.

வழமையாகக் கதை இங்கே முடிந்துவிடும். எங்களுக்குப் பிடித்தது அதுக்குப் பிறகு நடந்ததுதான். அதே நிலையம் தகடுகளை உலர்ந்த காற்றிலும், தண்ணீருக்குள்ளும், திறந்த வெளியிலும் வைத்துப் பத்து வருசம் பொறுத்திருந்து முறித்துப் பார்த்தது. முடிவுகள் 1979இல் வெளிவந்தன. உலர்ந்தவை பெரும்பாலும் பலத்தோடு இருந்தன. நனைந்தவையும் வெளியில் கிடந்தவையும் பலத்தில் பெரும்பங்கை இழந்து, சட்டென்று முறிகிறவையாக மாறியிருந்தன. தங்கட கண்டுபிடிப்பின் பலவீனத்தைத் தாங்களே அச்சிட்டது சின்ன விசயமில்லை.

காரணம் அரிப்பு மட்டுமில்லை. ஒரு இழைக்கட்டில் ஏறக்குறைய இருநூறு நுண்ணிழைகள் இருக்கும். ஈரத்தில் கல்சியம் ஐதரொட்சைட்டுப் பளிங்குகள் அவற்றின் இடைவெளிகளில் வளர்ந்து இறுக்கிவிடும். பிறகு இழைகளுக்கு வழுக்கி அசைய இடமில்லை, முறியும். அதனால்தான் இந்தப் பொருள் பெரும்பாலும் பாரம் தாங்காத வெளித்தோலாகவே பயன்படுகிறது. பாக்குவில் சாஹா ஹடீட் வடிவமைத்த ஹைதர் அலியேவ் மையத்தின் வெள்ளை வளைவுகளிலும் இது இருக்கிறது. அவற்றைத் தாங்குவது உருக்குச் சட்டம்.

பிறகு வந்தவர்கள் மெட்டாகயோலின் போன்றவற்றைக் கலந்து அந்தச் சுண்ணாம்பைக் குறைத்தார்கள். ஆனாலும், எங்கட ஊரில ஆரும் இதைக் கூரைச் சீற்றுக்கு மாற்றாகக் கொண்டுவந்தால், பத்து மாரி நனைந்த துண்டைத்தான் நாங்கள் கேட்போம். ஆய்வுகூடங்களில் இந்தத் தகட்டை வேகமாக முதுமையாக்கச் செய்கிற வேலையே சுடுதண்ணீரில் ஊறப்போடுவதுதான்.