42.34 மீட்டர்: காங்கிரஸ் வானொலியும் குரலின் தடமும்

1942-இல் பம்பாயிலிருந்து ஒலித்த தலைமறைவுக் காங்கிரஸ் வானொலி தன் இருப்பிடத்தை மறைத்தது; தன் அலைநீளத்தை மறைக்கவில்லை. இந்தியாவில் எங்கோ ஓரிடத்திலிருந்து, 42.34 மீட்டரில் பேசுவதாக உஷா மேத்தாவின் குரல் அறிவித்தது. கேட்போர் தேடி வரவேண்டுமானால் அலைநீளத்தைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் காவல் துறையும் அதே வழியில் வரும். அந்நிலையத்தின் வரலாறு முழுவதும் இந்த இக்கட்டில் அடங்கியிருக்கிறது.

42.34 மீட்டரை அதிர்வெண்ணாக மாற்றினால் ஏறத்தாழ 7.08 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். ஹாம் வானொலியாளர்கள் இன்றும் ‘நாற்பது மீட்டர்’ என்று வழங்கும் பட்டைக்குள் இது விழுகிறது. இது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை. 1939-இல் போர் மூண்டதும் அமெச்சூர் வானொலியாளர்கள் தம் ஒலிபரப்புக் கருவிகளைக் காவல் துறையிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. பட்டை வெறிச்சோடியது, அதில் இயங்கப் பழகிய கைகள் பம்பாயிலேயே இருந்தன. அவர்களுள் ஒருவரான நரிமன் பிரிண்டர் காங்கிரஸ் வானொலிக்குக் கருவி அமைத்துக் கொடுத்தார். பாபுபாய் காக்கர், விட்டல்தாஸ் ஜவேரி, சந்திரகாந்த் ஜவேரி ஆகியோர் உஷாவுடன் நின்றனர். சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் நானக் மோட்வானே கருவிகளைத் தந்து உதவினார். அப்போது உஷாவுக்கு வயது 22.

அந்த ஒலிபரப்பு எப்படிப்பட்ட தடத்தை விட்டிருக்கும் என்பதை உணர, அதே பட்டையை இன்றைய கணினித்திரையில் பார்ப்பது உதவும். ஹாம்கள் ‘வாட்டர்ஃபால்’ என்றழைக்கும் அருவித்திரையில் இடமிருந்து வலமாக அதிர்வெண் விரியும். நேரம் மேலிருந்து கீழாக வழியும். வலுவான அலை ஒளிர்ந்து தெரியும். மாதுங்காவிலோ செம்பூரிலோ அடுக்குமாடி மொட்டைமாடியில் கம்பி கட்டினால் முதலில் தெரிவது குரல் அன்று, நகரத்தின் இரைச்சல்தான். மலிவான எல்இடி விளக்குகளும் மின்னேற்றிகளும் சம இடைவெளியில் மங்கலான கோடுகளை இட்டு நிற்கும். குரல் அப்படி நிற்பதில்லை. அது சொல்லுக்குச் சொல் ஒளிர்ந்து, மூச்சு வாங்கும் இடத்தில் இருள்கிறது.

இப்பட்டையில் இன்று குரல் பெரும்பாலும் கீழ்ப்பக்கப் பட்டை முறையில் செல்கிறது. சுமார் 2.7 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு துண்டாகத் தெரியும் அதன் வலப்புற விளிம்பில் குரலின் தாழ்ந்த ஒலிகளும், இடப்புறத்தில் உயர்ந்த ஒலிகளும் அமைகின்றன. அதாவது குரல் தலைகீழாகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. நெடிய உயிரெழுத்தை ஒருவர் இழுத்துச் சொன்னால் இணைகோடுகள் தோன்றும். ஆண்குரலில் அக்கோடுகள் நெருங்கியும் பெண்குரலில் சற்று விலகியும் இருக்கும். ‘ஸ’ போன்ற ஒலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி இந்த அகலத்திற்கு வெளியே போய்விடுவதால் அவை மெல்லிய துகள்களாகவே தெரியும். பழகிய கண் பேசுவது யாரென்றுகூட ஊகிக்கும். பேசிய சொல்லை மட்டும் வாசிக்க இயலாது.

1942-இன் ஒலிபரப்பு இம்முறையில் இல்லை. அன்று வழக்கிலிருந்த வீச்சுப் பண்பேற்றத்தில் நடுவே சுமப்பலை ஒன்று இடையறாது நிற்கும். அதன் இருபுறமும் குரல் கண்ணாடிப் பிம்பம்போல விரியும். இன்றைய திரையில் அதைக் காட்டியிருந்தால், செங்குத்தான ஒரு பளிச்சென்ற கோடும் அதன் இரு பக்கங்களிலும் ஒரே உருவத்தின் இரட்டை நிழலும் தெரிந்திருக்கும். அறிவிப்பாளர் மூச்சு வாங்கும்போது நிழல்கள் மறையும், கோடு மறையாது. சாதாரண வானொலிப்பெட்டி குரலைப் பிரித்தெடுக்க அந்தக் கோடு தேவை. திசைகாண்போருக்கும் அதுவே வசதி. வளைய ஏரியலைச் சுழற்றி, ஒலி அற்றுப்போகும் கோணத்தைக் குறித்துக்கொள்வார்கள்; வேறோர் இடத்திலிருந்து மீண்டும் குறிப்பார்கள்; இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிலையம் இருக்கும். இதற்கு நேரம் வேண்டும். குழுவினர் ஒலிபரப்பைச் சுருக்கமாக வைத்துக்கொண்டதற்கும், வீடு விட்டு வீடு மாறியதற்கும் இந்தக் கணக்கு ஒரு காரணம். அகில இந்திய வானொலி குறுக்கொலி எழுப்பி மறிக்க முயன்றதும் அதே அலைநீளத்தில்தான்.

ஆனால் கதையைக் கருவிக்கும் கருவிக்கும் நடந்த போராக மட்டும் சொல்வது பிழை. 1942 நவம்பர் 12 அன்று கிர்காமின் பாரேக் வாடியில் காவல் துறை நுழைந்ததற்கு, முன்னரே பிடிபட்ட பிரிண்டர் இடத்தைக் காட்டிக் கொடுத்ததே உடனடிக் காரணம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கருவியை எழுப்பிய கையே கதவையும் காட்டியது. வழக்கில் பாபுபாய் காக்கருக்கு 5 ஆண்டும் உஷாவுக்கு 4 ஆண்டும் சந்திரகாந்துக்கு ஓராண்டும் சிறை விதிக்கப்பட்டது. விட்டல்தாஸும் மோட்வானேயும் விடுவிக்கப்பட்டனர்.

ஆய்வாளர் கவனிக்க வேண்டிய முரண் இன்னொன்று. அந்த ஒலிபரப்புகளில் பேசப்பட்டவற்றை இன்று நாம் வாசிக்க முடிவது பெருமளவுக்கு அவற்றை அடக்க முனைந்த காவல் துறையின் புண்ணியத்தால்! கண்காணிப்பாளர்கள் கேட்டு எழுதிய படிகளே சான்றாக நின்றன. உஷா தக்கர் 2021-இல் வெளியிட்ட நூல் அவற்றைப் பயன்படுத்துகிறது. அருவித்திரையில் சொல் இல்லை, தடம் உண்டு. காவலர் படியிலோ சொல் உண்டு. குரலின் நடுக்கமும் குறுக்கொலியில் அமிழ்ந்த இடங்களும் காகிதத்தில் நிற்பதில்லை. பேச்சைப் படமாக வரையும் கருவி அதே போர்க்காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிய நூல் வெளிவந்தது 1947-இல். கிர்காமில் ஒலித்த குரலுக்கு அது எட்டாத் தொலைவு.

தடம் இல்லாததால் அடிப்படைச் செய்திகளிலும் இரு மரபுகள் நிலவுகின்றன. உஷாவின் நினைவை ஒட்டிய வரலாறு ஆகஸ்ட் 27 என்றும் 42.34 மீட்டர் என்றும் கூறும். ஹாம் வானொலியாளரிடையே வழங்கும் வரலாறு செப்டம்பர் 2 என்றும் 7.12 மெகாஹெர்ட்ஸ் என்றும் கூறும். பின்னதை அலைநீளமாக்கினால் 42.11 மீட்டர், வேறுபாடு கால் மீட்டருக்கும் குறைவு. அன்றைய வானொலிப்பெட்டியின் முள்ளுக்கு அது மயிரிழை. இன்றைய திரையில் அதே இடைவெளி 40 கிலோஹெர்ட்ஸ். பதினான்கு பேர் ஒருவரையொருவர் இடிக்காமல் தனித்தனியே பேசலாம். குறுக்கொலியைத் தவிர்க்க நிலையம் இடம் நகர்ந்ததா, கருவி தானாகவே விலகியதா, அல்லது பின்னாளில் யாரேனும் எண்ணைத் தோராயமாகச் சொன்னார்களா? நினைவுக் குறிப்புகளை ஒன்றோடொன்று மோதவிடுவதால் இது தீராது. கண்காணிப்புப் படிகளை, பேச்சின் பொருளுக்காக மட்டுமன்றி, ஒவ்வொரு நாளும் எந்த நேரத்தில், எந்த அலைநீளத்தில் கேட்கப்பட்டது என்பதற்காகவும் மீண்டும் வாசிக்க வேண்டியிருக்கிறது.