வரி பாக்கிக்குக் கிட்டி

கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட சென்னை மாகாணத்தில் வரி பாக்கி வைத்த குடியானவனுக்குக் காத்திருந்தவை இரண்டு: கிட்டி, அண்ணாந்தாள். இரு கட்டைகளுக்கிடையே விரல்களை நசுக்குவது கிட்டி. ஆளைக் குனியவைத்து அப்படியே கட்டி வெயிலில் விடுவது அண்ணாந்தாள். தாசில்தாரின் சேவகர்களுக்கு இதெல்லாம் அன்றாட வேலை.

இங்கிலாந்திலோ 1772இலேயே, வாய் திறக்காத கைதியைப் பாரமேற்றி நசுக்கும் தண்டனை ஒழிந்துவிட்டது!

சென்னை வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் இதைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. 1853இல் சென்னை வந்த பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமூரை ஊர் ஊராக அழைத்துப்போய் இந்தக் கொடுமையைக் காட்டினார். 1854இல் லண்டன் நாடாளுமன்றத்தில் இதுபற்றி விவாதம். 1855இல், அதையடுத்து அமைந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை. கொடுமை உண்மைதான் என்றது அது. பழியை மட்டும் பெரும்பாலும் உள்ளூர்ச் சிப்பந்திகள் தலையில் கட்டியது. வரியை நிர்ணயித்த வெள்ளைத் துரைகள் தப்பினார்கள்.