தேய்ந்த துப்பாக்கியைப் புதுப்பிக்கலாமா?

பித்தளை விளக்கைப் புளியிட்டுத் துலக்கினால் பொன்போல் மின்னும். நூறாண்டுப் பழைமை வாய்ந்த ஒரு பொருளையும் அவ்வாறே துலக்கிவிடலாமா? ஒரு போர்க்கருவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை ஆராய்வோம்.

ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் கைத்துப்பாக்கியை அமெரிக்கப் படை 1911-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. குழலின் விட்டம் 0.45 அங்குலம், எடை ஏறத்தாழ 1.1 கிலோகிராம். 1985-இல் வேறொரு துப்பாக்கி தேர்ந்தெடுக்கப்படும் வரை, முக்கால் நூற்றாண்டு அதுவே அப்படையின் முதன்மைக் கைத்துப்பாக்கி.

முதல் உலகப் போரைக் கண்ட அத்தகைய துப்பாக்கி ஒன்று உங்கள் முன் இருப்பதாகக் கொள்ளுங்கள். விளிம்புகளில் கறுப்பு தேய்ந்து எஃகு பளிச்சிடுகிறது. பிடியருகே செந்துரு படர்ந்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் கறுப்பேற்றினால் என்ன கேடு?

முதலில் அந்தக் கறுப்பு எது என்று பார்ப்போம். அது வண்ணப்பூச்சு அன்று. எஃகின் மேற்பரப்பிலேயே உண்டாக்கப்பட்ட மெல்லிய இரும்பு ஆக்சைடுப் படலம். இயற்கைக் காந்தக்கல்லும் இதே ஆக்சைடுதான். இப்படலம் உலோகத்தோடு ஒட்டி நின்று அதைக் காக்க உதவுகிறது. செந்துருவும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்ததே. ஆனால் அது நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தைப் பிடித்துவைத்து மேலும் அரிக்கும். எனவே, செந்துருவைத் தடுப்பது கடமை. கறுப்பைச் சுரண்டுவது குற்றம்.

இனி, அந்த மேற்பரப்பு சொல்லும் வரலாற்றைக் கேளுங்கள். 1918-இல் போரின் அவசரத்தால் கோல்ட் ஆலையில் மெருகிடும் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் உருவான துப்பாக்கிகளில் கடைசல் கருவிகளின் வரிகள் அப்படியே தெரியும். கறுப்பும் எளிதில் உதிரும். அந்த வரிகளை நீங்கள் தேய்த்து வழவழப்பாக்கினால், அழகு கூடும். போர்க்காலத்தின் கையொப்பம் அழியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிற்காலத்தில் படைக்கலச் சாலைகள் பல துப்பாக்கிகளைப் பழுதுபார்த்து, பாகங்களை மாற்றி, சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சு ஏற்றித் தம் எழுத்து முத்திரையைப் பதித்தன. அப்படியானால் எந்த நிலைக்குப் புதுப்பிப்பது? ஆலையிலிருந்து வெளிவந்த நிலைக்கா, பழுதுபார்த்த நிலைக்கா? இரண்டுமே உண்மையான வரலாறு. நாம் புதிதாக ஏற்றும் கறுப்போ, அந்த இரண்டிலும் சேராது.

முத்திரைகளைப் பற்றி இயற்பியல் கூறுவது சுவையானது. எண்ணை அடித்துப் பதிக்கும்போது, அதன் கீழுள்ள படிகங்களும் நசுங்கி உருமாறுகின்றன. எண்ணை அரத்தால் அழித்தாலும், தக்க அமிலக் கலவையை இட்டால் நசுங்கிய பகுதி வேறுவிதமாக அரிக்கப்பட்டு, எண் மீண்டும் தோன்றக்கூடும். தடயவியலார் கையாளும் முறை இது. ஆனால் நசுங்கிய பகுதி முழுவதையும் தேய்த்துவிட்டால், எந்த அமிலமும் அதைத் திருப்பித் தராது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆய்வகத்தில் கிடந்த பழைய நிறமாலைமானி ஒன்றின் பித்தளை வட்டத்தை ஆர்வத்தோடு துலக்கினேன். பளபளப்பு வந்தது, அளவுக்கோடுகள் மங்கிப் போயின. அதன் பிறகு அக்கருவியால் கோணம் அளக்க முடியவில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? குண்டு இல்லை என்று தகுந்தவரைக் கொண்டு முதலில் உறுதிசெய்ய வேண்டும். இருக்கும் நிலையைப் படம் எடுத்துக் குறித்துவைக்க வேண்டும். தளர்ந்த துருவை மட்டும் மெல்லிய எண்ணெயும் மென்துணியும் கொண்டு அகற்றி, மெழுகுப் பூச்சு தரலாம். வேண்டும்போது அதை நீக்கிவிடலாம். வியர்வையில் உப்பு உண்டு. ஆகவே கையுறை தேவை. தோலுறை ஈரத்தை ஈர்க்கும். அதற்குள் வைத்தல் கூடாது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் அரிப்பு விரைவுபடும். உலர்ந்த இடமே நல்லது.

புதுப்பித்தலே தவறு என்பதன்று. முன்பே யாரோ தேய்த்துப் பூசிக் கெடுத்த துப்பாக்கியில் இழப்பதற்கு அதிகம் இல்லை. அதைத் திறமையான கைவினைஞரிடம் தரலாம். ஆனால் தொடாத ஒன்று கிடைத்தால், ஒரு கணம் நில்லுங்கள். இன்று காத்துவைத்ததை நாளையும் புதுப்பிக்க முடியும். இன்று தேய்த்துவிட்டதை எவராலும் மீட்க முடியாது.