ரெண்டு மணிக்கு ஒரு தடவை

பனையிலிருந்து விழுந்தவர், கட்டடச் சாரத்திலிருந்து தவறியவர், இருட்டில் கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றுக்குள் போனவர். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து தண்டுவடம் அடிபட்டு வருகிறவர்களின் வீட்டாருக்கு, நர்ஸம்மா சொல்வது ஒன்றுதான்: "ரெண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைங்க." மருந்துச் சீட்டில் வராத இந்த வைத்தியம் இரண்டாம் உலகப் போரின்போது நிலைபெற்றது.

அதற்கு முன், முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்டும் குண்டுக்குத் தப்பிய சிப்பாய்களில் பெரும்பாலோரைப் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் கொண்டுபோயின. உணர்ச்சியற்ற உடம்பின் பாரம் ஒரே இடத்தில் அழுந்தினால் ரத்தம் ஓடாமல் தோல் செத்து, எலும்பு வரை குழிந்துவிடும். வலி தெரியாததால் நோயாளி முனகக்கூட மாட்டார்.

1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார் லுட்விக் குட்மன். ஹிட்லருக்குத் தப்பி வந்த யூத மருத்துவர். மாவுக்கட்டோடு வந்தவர்களின் கட்டைப் பிரிக்கச் சொன்னார். இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு முறை திருப்பச் சொன்னார். 1948ல் அங்கே அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பாராலிம்பிக்காக வளர்ந்தது. உலகம் அதைக் கொண்டாடுகிறது. எனக்கு அந்த ராத்திரி வேலைதான் பெரிதாகப் படுகிறது. பிழைத்துக் கிடந்தால்தானே வில்லெடுக்க முடியும்?

தமிழ்நாட்டில் இப்படி அடிபட்டவர்களின் மறுவாழ்வுக்கு இடம் அமைத்துக் கொடுத்தவர்கள், தாமே அந்தப் படுக்கையில் கிடந்தவர்கள். வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966ல் அவர் முயற்சியில் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. தெற்கே, தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981ல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975ல் கடற்படைக்கான தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர்.

ஸ்டோக் மாண்டவிலில் திருப்புவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். நம் ஊரில் அது அம்மாவின் வேலை, பெண்டாட்டியின் வேலை. தலையும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும், முழங்கால்களுக்கு நடுவே தலையணை வேண்டும், விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லையென்றால் அந்தப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது. காற்று மெத்தை வாங்கிப் போட்டாலும் திருப்பாமல் விட முடியாது. ராத்திரியில் யார் எந்த முறை எழுந்திருப்பது என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே வீட்டில் பேசி வைத்துவிட வேண்டும், ஆண்களையும் சேர்த்து.